எங்கே போகிறது தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை இன்ஜின் அறைக் கதவைத் திறந்ததும் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் 'மீட்டர்' முதலில் போய் நின்றது தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முன்னால்தான். முள் ஒன்றரையில் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போது அவரே கைப்பம்பை அடித்துத் தண்ணீர் ஏற்றி, ஒன்று புள்ளி எட்டுக்குக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். பைப் இணைப்பு ஒவ்வொன்றின் அடியிலும் கையை விட்டுத் தடவினார். காய்ந்த தூசிதான் ஒட்டியது.

தண்ணீர் குறைந்திருக்கிறது. எங்கேயும் சிந்தவில்லை. அப்படியானால் போனது எங்கே?

நகரத்து ஆஸ்பத்திரிகள் நாலின் படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் வெளுப்பதற்கு வருவது இந்த லாண்டரிக்குத்தான். அதன் பின்கட்டில் ஒரு கேஸ் இன்ஜின். பன்னிரண்டு சிலிண்டர், ஒரு லாரி நீளம். அது சுழன்றால் லாண்டரி முழுவதற்கும் கரண்டு; சுழலும்போது கிளம்பும் சூட்டில் துணி துவைக்க வெந்நீர். இன்ஜினின் உடம்பைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கி, நடுவில் இருக்கும் உலோகத் தகடுகளுக்கு இந்தப் பக்கம் ஓடியபடியே, அந்தப் பக்கம் ஓடும் துவைக்கிற தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். வெளியே போகவே போகாது. வருஷம் முழுக்க அதே தண்ணீர்தான். குறையக் கூடாது.

மீட்டர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர், எந்த அறைக்குள் போனாலும் சுவரில் ஏதாவது முள் ஓடுகிறதா என்று கண் தேடும். வீட்டில் கரண்டு மீட்டர், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மீட்டர், பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் தோளுக்கு மேலே எட்டி வேக மீட்டர். லாண்டரிப் பெண்கள் சூட்டிய பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. எட்டு மாதமாக அவர்களே இன்னொரு பெயரையும் வைத்திருந்தார்கள். அதை அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் சொல்வார்கள்: ஸ்பூன்காரர்.

அந்தக் கதை இதுதான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் இன்ஜினுக்குள் கிணுகிணுவென்று இரும்புச் சத்தம் கேட்டதாகச் சொல்லி, ஓடிக்கொண்டிருந்ததை அவர் பட்டென்று நிறுத்திவிட்டார். ஒரு ஷிப்ட் முழுக்கப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணி நேரம் பிரித்துப் பார்த்தும் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் காற்றுக் குழாயின் மேல் யாரோ மறந்து வைத்த டீ ஸ்பூன் அகப்பட்டது. காற்றில் அதிர்ந்து அதிர்ந்து ஒலித்தது அதுதான். அன்று ஒரு ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போய்ச் சேரவில்லை. தலைமை நர்ஸிடம் மேனேஜர் போனில் நெளிந்து நெளிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மேனேஜர் வேறு யாருமில்லை, மீட்டரின் மனைவியோடு கூடப்பிறந்த தம்பி. இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அதனால் வெள்ளிக்கிழமை அவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் ஏற்றினார். நோட்டில் எழுதினார். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். முள் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. சாயங்காலம் இன்னொரு மயிரிழை.

சனிக்கிழமை காலை மறுபடியும் ஒன்றரை. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் மேனேஜரின் அறைக்குப் போனார். லாண்டரிக்குள் ஒருவரையொருவர் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே இருவருக்கும் ஒப்பந்தம்.

"சார், இன்ஜின் தண்ணி குறையுது சார்."

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க ஒழுகுது?"

"ஒழுகல. அதான் பயமா இருக்கு."

"ஒழுகாம எப்படி சார் குறையும்?"

"உள்ள போகுதோ என்னவோ. ஏதாவது சிலிண்டருக்குள்ள."

"புகையில தெரியுமே. வெள்ளையா வருமே?"

"கேஸ் இன்ஜின் புகை எப்பவுமே நீராவியாத்தான் சார் இருக்கும். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. நாலு ஆஸ்பத்திரிக்கும் பதில் சொல்கிறவனின் அலுப்புதான் இருந்தது. "புதன்கிழமை சர்வீஸ்காரர் வராரு. அதுவரைக்கும் தண்ணி ஏத்திக்கிட்டு ஓட்டுங்க. இப்ப நிறுத்தணும்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த நர்ஸம்மா இன்னும் என்னை 'என்ன, ஸ்பூன் கெடச்சுதா'ன்னுதான் கேக்குறாங்க."

மீட்டர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்குப் போயும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் அவர் மனைவி, பரீட்சைத் தாள்களைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, செருப்பைப் போட்டுக்கிட்டே வீட்டுக்குள்ள நடக்குறீங்க?"

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தார். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா மனசு கேக்கல," என்றார்.

"எது?"

"இன்ஜின்."

"நாளைக்குத் தம்பி வீடு மாத்துறான். பத்து மணிக்கு அங்க இருக்கணும். அங்கயாவது இன்ஜினை மறந்துட்டு நாலு சாமானைத் தூக்கிக் கொடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் மூன்றாவது மாடியில் ஒரு புது வீட்டுக்குக் குடி போனார். லிப்ட் இருந்தது, ஆனால் பீரோவும் பிரிட்ஜும் அதற்குள் நுழையவில்லை. பீரோவை நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேர் நழுவிவிட்டார்கள். பிரிட்ஜுக்கு மீதி இருந்தது மாமனும் மச்சினனும்தான். மேலே மேனேஜர் பின்பக்கமாகப் படியேற, கீழே மீட்டர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஏறினார். மனைவி பக்கவாட்டில் ஒரு கை கொடுத்தாள்.

வாரம் முழுக்க இரவும் பகலும் ஓடும் லாண்டரி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பன்னிரண்டரைக்கு நின்று நாலு மணிக்குத் தொடங்கும். இஸ்திரி மெஷின்களைத் துடைக்க அந்த இடைவெளி. இன்ஜினும் அப்படியே. பன்னிரண்டரைக்குத் தானாக நிற்கும், நாலு மணிக்குத் தானாகக் கிளம்பும். யாரும் கிட்டே இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிரிட்ஜைச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்ததுதான் தாமதம், உள்ளே உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீர் கதவிடுக்கு வழியாகச் சளசளவென்று மீட்டரின் கழுத்தில் இறங்கியது. மேனேஜர் மேலிருந்து சிரித்தார். "மாமா, குளிச்சாச்சா?"

மீட்டர் சிரிக்கவில்லை. கழுத்தில் தண்ணீர் ஓட ஓட அப்படியே நின்றுவிட்டார்.

இதுவரை அவர் இன்ஜின் ஓடும்போது தண்ணீர் எங்கே போகிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தார். ஓடும்போது சிலிண்டருக்குள் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் என்ன ஆகும்? அந்தச் சூட்டில் ஆவியாகிப் புகையோடு போய்விடும். பெரிய சேதம் இல்லை. நிற்கும்போது? இன்ஜின் நின்றாலும் ஆறிப்போகாமல் இருக்க ஒரு சின்ன பம்ப் வெந்நீரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அழுத்தம் அப்படியே இருக்கும். கசிகிற தண்ணீரை ஆவியாக்க நெருப்பு இருக்காது. பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம் அது சிலிண்டருக்குள் தேங்கும். நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் கொடுக்கும். பிஸ்டன் மேலே வரும். காற்றை நசுக்கலாம், கேஸை நசுக்கலாம். தண்ணீர் நசுங்காது. வேறு ஏதாவது உடைய வேண்டும். பிஸ்டனைத் தள்ளும் ராடு வளையும், இல்லை இன்ஜினின் விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் நின்றால்...

நாலு மணி ஷிப்டுக்கு வரும் பெண்கள் குளிர் நாட்களில் பையை வைத்துவிட்டு, சூட்டுக்காக இன்ஜின் அறைப் பக்கம்தான் ஒதுங்குவார்கள்.

"மணி என்ன?" என்றார்.

"மூணேகால். தூக்குங்க மாமா, கை வலிக்குது."

"இறக்கு மாப்ளே. இறக்கு. நான் போகணும்."

"எங்க?"

"லாண்டரிக்கு. நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆகக் கூடாது."

பிரிட்ஜ் படித் திருப்பத்தில் ஒரு மூலையில் நின்றது. மீட்டர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து வாட்ச்மேனை அழைத்தார். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு அழுக்குத் துணி லாரி வரும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு கேட்டில் நிற்பார்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. "மாமா, மறுபடியும் ஸ்பூன் கதையை ஆரம்பிக்காதீங்க. இன்னைக்கு நின்னா நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு விரிப்பு கிடையாது. பழைய பாய்லர் சூடேற மூணு மணி நேரம் ஆகும். நான் யாரு கால்ல போய் விழறது?"

"தண்ணி உள்ள தேங்கியிருந்தா இன்ஜினே போயிடும்டா."

"இருந்தா! இருந்தா! இல்லைன்னா?"

மீட்டர் போனைப் பாக்கெட்டில் போட்டார். இல்லையென்றால் ஸ்பூன்காரர் என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். இந்த மச்சினனின் வீட்டுப் படியை மறுபடி எப்படி மிதிப்பது? மனைவியைப் பார்த்தார். அவள் தம்பியைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பிரிட்ஜின் கீழ்ப்பக்கத்துக்கு வந்து தோளைக் கொடுத்தாள்.

"நீங்க போங்க. இதை நான் பிடிச்சுக்கறேன்," என்றாள்.

"அக்கா!"

"நீ தூக்குடா."

மீட்டர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். வழக்கமாக இருபத்தைந்து நிமிஷப் பாதை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை சாலை வரைக்கும் வழிந்திருந்தது. சைக்கிள், தள்ளுவண்டி, குடும்பம் குடும்பமாக நடந்து போகிறவர்கள். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். "ஏன்யா, வீடு பத்திக்கிச்சா?" என்று ஒருவர் கத்தினார். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொண்ணூறு நொடி என்று பலகை காட்டியது. எண் ஒவ்வொன்றாக இறங்கியது. இல்லையென்றால்? இல்லையென்றால்? என்று மச்சினனின் குரலே காதில் ஓடியது. அறுபதில் ஒரு தடவை, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். முப்பதில், போயே தீர வேண்டும் என்று நினைத்தார். பச்சை விழுந்ததும் எதையும் நினைக்கவில்லை.

லாண்டரி கேட்டுக்குள் நுழையும்போது கடிகாரம் மூன்று ஐம்பத்தேழு. வாட்ச்மேன் லாரியின் பின்கதவைப் பிடித்தபடி ஏதோ கேட்டார். மீட்டர் மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினார். இஸ்திரிப் பகுதியின் தலைவியை எல்லோரும் இஸ்திரி அக்கா என்பார்கள். அந்தம்மாவும் இரண்டு பெண்களும் இன்ஜின் அறைச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆயில் பம்ப் ஊமென்று கிளம்பும் சத்தம் கேட்டது. ஸ்டார்ட்டுக்கு முன்னால் அது ஒரு நிமிஷம் ஓடும்.

கதவுக்கு வெளியே கண்ணாடிக்குள் இருந்த சிவப்புப் பொத்தானை அவர் கண்ணாடியோடு சேர்த்துக் குத்தினார்.

ஊம் சத்தம் நின்றது. அதன்பின் எதுவுமே கேட்கவில்லை. கையில் ரத்தம் கசிந்தது.

இஸ்திரி அக்கா அவரையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சார், இன்னைக்கும் ஸ்பூனா? இல்ல, கரண்டியா?"

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மீட்டர் உள்ளே போய், கம்ப்யூட்டர் தானாகக் கிளப்பாதபடி ஆட்டோ ஸ்டார்ட்டை அணைத்தார். சின்ன பம்பையும் நிறுத்தினார். கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்று, காய்ந்திருந்தது. இரண்டு, காய்ந்திருந்தது. மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் சாம்பல் நிறத்தில், பார்க்க லட்சணமாக. ஒன்பதாவதில் லேசாக ஈரம் பட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவர் உள்ளங்கையே வேர்வையில் நனைந்திருந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்க மாட்டார். பன்னிரண்டையும் ஒரு துணியில் வரிசையாக வைத்தபோது, இஸ்திரி அக்கா கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். மேனேஜர் உள்ளே வந்தார். சட்டை முழுக்க வெள்ளையடித்த சுவரின் பொடி.

"நிறுத்தியாச்சா மாமா?" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாண்டரிக்குள் அவர் மாமா என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "என்ன கெடச்சுது?"

"இன்னும் இன்ஜினைக் கையால சுத்திப் பாக்கல. ஒருத்தர் சுத்தணும், ஒருத்தர் பாக்கணும்."

"கொடுங்க." மேனேஜர் நீள இரும்புக் கம்பியை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "நீங்க பாருங்க. நான் சுத்தறேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடட்டும்."

இன்ஜினின் ஃபிளைவீல் சக்கரத்தின் பல்லில் கம்பியைக் கொடுத்து நெம்பினார். இன்ஜின் ஒரு விரற்கடை அசைந்தது. மறுபடி நெம்பினார். பிளக் துளைகளிலிருந்து பெருமூச்சு மாதிரி காற்று வந்தது, அவ்வளவுதான். கால் சுற்று. ஒன்றும் இல்லை. அரைச் சுற்று. ஒன்றும் இல்லை. மேனேஜர் ஒவ்வொரு நெம்புக்கும் "ம்" என்றார். அந்த "ம்" மீட்டரின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் மாப்ளே."

"எவ்வளவு கொஞ்சம்?"

அடுத்த நெம்பில் ஒன்பதாவது துளைக்குள் களக் என்று ஒரு ஒலி. அதற்கடுத்த நெம்பில் கறுத்த வெந்நீர் பீச்சியடித்துக் கூரை விளக்கில் பட்டுத் திரும்பி, மேனேஜரின் தலையிலும் பொடி படிந்த சட்டையிலும் விழுந்தது. கம்பியைப் போட்டுவிட்டு அவர் பின்னால் துள்ளினார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு சொம்புக்குக் குறையாது.

இஸ்திரி அக்கா ஒரு விரிப்பை எடுத்து வந்து மேனேஜரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு துளையைப் பார்த்தார்.

"இது... நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆகியிருந்தா?"

மீட்டர் கையால் இன்ஜினின் விலாவைத் தொட்டுக் காட்டினார். அதற்கு நேர் எதிரே இருந்தது, பெண்கள் சாய்ந்து நின்ற சுவர்.

அதன் பிறகு வேலை நிறைய இருந்தது. பழைய பாய்லரைப் பற்றவைத்தார்கள். ஊர் லைனிலிருந்து கரண்டு எடுத்தார்கள். மேனேஜர் தலைமை நர்ஸை அழைத்து, விரிப்பு ஐந்து மணி நேரம் தாமதமாகும் என்றார். மறுமுனையில் ஸ்பூன் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். "இல்லம்மா. இந்தத் தடவை நிஜம்," என்றார். மீட்டருக்கு அது கேட்டது. கேட்காத மாதிரி பாய்லரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேனேஜர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் கேட்டார், "உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா மாமா, தண்ணி இருக்கும்னு?"

"தெரியாது."

"தெரியாமலா கண்ணாடிய உடைச்சீங்க?"

"தெரிஞ்சிருந்தா வெள்ளிக்கிழமையே சண்டை போட்டிருப்பேனே." வண்டியின் வேகத்தைக் குறைத்துச் சொன்னார், "போட்டிருக்கணும்."

பிரிட்ஜ் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டதாக மனைவி சொன்னாள். தோளில் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. காட்டவில்லை, மீட்டர்தான் கண்டுபிடித்தார்.

புதன்கிழமை சர்வீஸ்காரர் வந்து ஒன்பதாவது சிலிண்டரின் தலையைக் கழற்றினார். வால்வுகளுக்கு நடுவில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. மீட்டரின் நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார்.

"இங்க பாருங்க. மூணு வாரமாவே கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கு. இந்த ஞாயித்துக்கு முந்தின ரெண்டு ஞாயித்துக்கிழமையும் உள்ள தண்ணி இருந்திருக்கும். ஸ்பூன் அளவோ, கிளாஸ் அளவோ. தப்பிச்சிருக்கீங்க."

மேனேஜர், நோட்டில் இருந்த அந்த எண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மீட்டருக்கு அதில் ஒரு வெற்றியும் தோன்றவில்லை. இரண்டு ஞாயிறு. அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தார். எண்கள் அவர் கையாலேயே எழுதியவை. எழுதியவர் படிக்கவில்லை. அன்று முழுக்க மற்ற பதினோரு சிலிண்டரையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி சர்வீஸ்காரரின் தலையைத் தின்றார். அவரும் முகம் சுளிக்காமல் பார்த்தார். பதினொன்றும் நன்றாக இருந்தன. "எல்லாம் நல்லா இருக்கு சார்," என்று அவர் சொன்னபிறகும் மீட்டர் ஒரு தடவை டார்ச்சை வாங்கிக்கொண்டார்.

புதுத் தலை பொருத்தி இன்ஜின் மறுபடி ஓட எட்டு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ ஸ்டார்ட்டை மேனேஜர் எடுத்துவிட்டார். இனிமேல் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும் என்று உத்தரவு. மீட்டரின் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வீட்டில் மனைவியிடம் சொல்ல அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவளே, "எப்படியும் வீட்ல உக்காந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கப் போறீங்க. அங்கயே போய் நினைங்க," என்றாள்.

முதல் ஞாயிறு மூன்றரை மணிக்கு அவர் போனபோது மேனேஜர் ஏற்கெனவே அறைக்குள் இருந்தார். பழைய சட்டை போட்டிருந்தார். இரும்புக் கம்பி கையில் தயாராக இருந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு இருவருமாகச் சுற்றினார்கள். இரண்டு முழுச் சுற்று. வந்தது வெறும் காற்று. பிளக்குகளை மாட்டினார்கள். நாலு மணிக்கு மீட்டர் ஸ்டார்ட்டைக் கொடுத்தார். இன்ஜின் இருமி, பிடித்துக்கொண்டு, வேகமெடுத்தது. தரை அதிர்ந்தது. சுவருக்கு அப்பால் வாஷிங் மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

மேனேஜர் நகரவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, இப்ப டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே. அது என்ன?"

மீட்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வேறு ஒன்றும் தெரியவில்லை.

"எப்பவும் வர்ற சத்தம்தான் மாப்ளே. வால்வுச் சத்தம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்தார். மேனேஜர் அவர் பின்னாலேயே வந்தார்.